கருப்பனார் கோயிலில் நாலாம் பாகம்

திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூரில் நடந்த ஒரு ராக் கச்சேரியில் ஒரு பாட்டின் நாலாம் பாகம் வாசிக்கப்பட்டதா இல்லையா என்று, சங்ககிரிப் பக்கம் ஒரு கருப்பனார் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வந்திருக்கிறேன் என்ற உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டிருப்பார். அவர்மேல் தப்பில்லை. பினாங்கில் என் கணவரும் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். மேலதிகாரி இல்லாததால் என் அக்காவைக் கூப்பிட்டார்.

நான் பினாங்கில் மருந்துக்கடை நடத்துகிறவள். கல்லூரி நாளிலிருந்து ஓர் ஆங்கில இசைக்குழுவின் ரசிகை. குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த டிரம்மர் எப்போது விலகினார் என்று திருத்தம் சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். அரை நூற்றாண்டாக வாசிக்கிறார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் குக்கரில் சோறு வெந்து ஆறிவிடும். தாளம் ஏழு, பிறகு ஐந்து, பிறகு ஒன்பது என்று மாறிக்கொண்டே போகும். கேட்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதில் என்ன சுகம் என்று வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம்.

எங்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. எந்த ஊரில் எந்தெந்தப் பாட்டை எந்த வரிசையில் வாசித்தார்கள் என்ற செட்லிஸ்ட்டைச் சேகரித்து, ஊருக்கு ஊர் ஒப்பிட்டு, கைப்பேசிக் குழுவில் சண்டை போடுவோம். ஜப்பானில் விட்ட பாட்டை மணிலாவில் ஏன் சேர்த்தார்கள் என்று வாரக்கணக்கில் பேசியிருக்கிறோம். அதற்குள் மணிலாவில் ஆட்சியே மாறியிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் குழுவில் என் கட்சிக்காரர்கள் இருவர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் குமரேசன் ஒருவர். எடப்பாடியில் விசைத்தறி ஓட்டும் தனபால் மற்றவர். பள்ளி விடுதியில் ஒரே அறையில் ஒரே கேசட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். போன வருடம் சிங்கப்பூர் கச்சேரியில் நாங்கள் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அன்று குழு தன்னுடைய பெரிய பாட்டை வாசித்தது. ஏழு பாகம் கொண்டது அது. முழுசாக வாசிப்பது அபூர்வம்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஏழு பாகமும் வாசித்தார்கள் என்று குமரேசன் செட்லிஸ்ட்டைப் போட்டார். நாலாம் பாகம் இல்லை, அந்த இடத்தில் மேடையை இருட்டாக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் இளைப்பாறினார்கள் என்று தனபால் போட்டார். கைப்பேசிகளை வாசலிலேயே பையில் போட்டுப் பூட்டிவிட்டதால் யாரிடமும் பதிவு இல்லை. இணையத்தில் இருக்கும் பட்டியலில் பெரிய பாட்டு ஒற்றை வரி. பாகக் கணக்கு கிடையாது. வாக்குவாதம் முற்றி, தனபால் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். "அவன் முந்தின ஊரு லிஸ்ட்டப் பாத்து எழுதிட்டான்."

எங்கள் வட்டாரத்தில் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கச்சேரியில் கேட்காமல், முந்தைய ஊரில் வாசித்ததுதான் இங்கும் என்று பார்த்து எழுதுகிறவன் ரசிகனே அல்ல. குமரேசன் கட்டிய லாரி மேடு ஏறாது என்று சொல்லியிருந்தால்கூடப் பேசித் தீர்த்திருப்பார்கள். இருவருக்கும் பேச்சு நின்றது.

இதற்கிடையில் இசைக்குழு தன் கடைசிச் சுற்றுப்பயணத்தை அறிவித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பாங்காக் ஒன்றுதான். கடைசிக் கச்சேரியைச் சேர்ந்தே பார்ப்பது என்று விடுதி நாளிலேயே முடிவு செய்திருந்த இருவரும், அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்று தனித்தனியே எனக்கு எழுதினார்கள். நாலாம் பாகம் வாசித்தார்கள், நான் கேட்டேன் என்று கைப்பேசிக் குழுவில் எழுதிப் பார்த்தேன். கட்டை விரலால் எதை வேண்டுமானாலும் எழுதலாம், கருப்பனார் முன்னால் வந்து சொல்லட்டும் என்றார் தனபால். அக்கா வரட்டும் என்று என்னைச் சொன்னார் குமரேசன். விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் கோயில் எங்கே என்று வழி அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூரில் இருவரும் ஒரே தட்டில் நூடுல்ஸை இழுத்துத் தின்றது எனக்கு ஞாபகம் வந்தது. மனசு கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே வழி தவறியது. திருச்சியிலிருந்து சேலம் போகும் பேருந்தில் ஏறி நாமக்கல்லில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எங்கள் ஊர்ப் பேருந்துகளில் குளிரூட்டி போட்டு ஆளை விறைக்க வைப்பார்கள். இங்கே அதற்குப் பதில் சினிமாப் பாட்டு. என் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி. நடத்துநர் 'நாமக்கல், நாமக்கல்' என்று கத்தியதாகப் பிறகு எல்லோரும் சாட்சி சொன்னார்கள். எனக்கு அவர் வாய் அசைந்ததுதான் தெரியும். அவரும் சேர்ந்து பாடுகிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். சேலத்தில்தான் இறங்கினேன்.

"அத்தன வாட்டி சொன்னனேங்க, நீங்க சிரிச்சுட்டே இருந்தீங்களே" என்றார் நடத்துநர், வருத்தமாக.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு விடுதியில் பையைப் போட்டுவிட்டுக் கடைவீதியில் நடந்தேன். மிளகாய் மூட்டை ஒரு பக்கம் தும்ம வைத்தது. துணி மூட்டை இன்னொரு பக்கம் இடித்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆட்டோ, வழி விடு என்று என்னைக் கேட்காமல் எனக்குள்ளேயே வழி தேடியது. ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், சட்னி வைத்துத் தருகிறார்கள். வாயில் வைத்தால் நொறுங்கிப் பாதி சேலையில் விழுகிறது. பினாங்குத் தெருக்கடைகளில் ரோஜாக் கலவை தின்று பெருமையடிக்கிறவள் நான். மூன்று செட் தின்றேன்.

வண்டிக்காரர் விசாரித்தார். "எந்தூருங்க? என்ன வேலையா வந்தீங்க?"

உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. "ரெண்டு பேருக்குத் தகராறு. சாட்சி சொல்லி சத்தியம் பண்ண வந்தேன்."

"நெலத் தகராறுங்களா?"

"பாட்டுத் தகராறு. ஒரு பாட்டுல ஒரு பாகம் விட்டுப்போச்சா இல்லையான்னு."

அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "விட்டுப்போச்சுன்னா தகராறுதானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த செட்டுக்குச் சட்னி தடவினார்.

இரண்டாம் நாள் நடத்துநரின் வாயைப் பார்த்தபடியே போய் நாமக்கல்லில் சரியாக இறங்கினேன். குமரேசன் காத்திருந்தார். பெரிய உடம்பு. குரல் அதைவிடப் பெரிது. அவர் பட்டறைக்கு லாரிகள் எலும்புக்கூடாக வருகின்றன. எஞ்சினும் சக்கரமும் மட்டும் இருக்க, ஓட்டுநர் ஒரு பலகை மேல் உட்கார்ந்து, துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிறார். இங்கே மரமும் தகடும் அடித்து, வர்ணம் பூசி, மயிலும் தாமரையும் வரைந்து மணப்பெண்ணாக அனுப்பி வைக்கிறார்கள். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே எங்கள் குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெல்டிங் அடிப்பவர் ஏழு தாளத்துக்குத் தலையாட்டினார். வேறு வழி இல்லை, சம்பளம் தருகிறவர் போடும் பாட்டு.

குமரேசன் வீட்டுச் சாப்பாட்டில் அரிசிம்பருப்பு சாதம், அதன்மேல் நெய், பக்கத்தில் முட்டை. குழம்பிலும் முட்டை. கிளம்பும்போது பையில் அவித்த முட்டை. "நாமக்கல்லுக்கு வந்துட்டு முட்டை வேண்டாம்னா எப்படிங்க்கா" என்றார் அவர் மனைவி. கோழிகளுக்கு என் பெயரில் ஏதோ கடன் இருப்பது போல் விடாமல் வைத்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் குமரேசன் குரலைத் தணித்தார். தணித்தும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "நாளைக்கு அவனப் பாக்கப் போறீங்கல்லங்க. தறி எப்படி ஓடுது, மூட்டுவலி எப்படி இருக்குதுன்னு கேட்டுட்டு வாங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லீராதீங்க."

"நீங்களே கேக்கலாமே."

"பாத்து எழுதினேன்னு சொன்னவன்கிட்டயா? அவன் வந்து சொல்லோணுங்க, தப்புன்னு. அப்பறம் பாங்காக் என்ன, நெலாவுக்குன்னாலும் கூட்டிட்டுப் போவேன்."

மூன்றாம் நாள் எடப்பாடி. தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காலில் ஏறுகிறது. வீட்டுக்குப் பின்னால் தனபாலின் தறிக்கூடம். உள்ளே போனால் பேச முடியாது. அங்கே எல்லோரும் கையாலும் புருவத்தாலும் பேசுகிறார்கள். தனபால் என்னை நிறுத்தி, தரையில் பாதத்தை வைத்து, கடைசி வரிசையைக் காட்டினார். ஒரு தறியின் இடி மாறிவிட்டதாம். போய்ப் பார்த்தால் உண்மைதான், ஏதோ தளர்ந்திருந்தது. இந்த மனிதரின் காது பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நான் கேட்டதாக நினைத்ததையே சந்தேகப்பட்டேன்.

வீட்டு முன்னறையில் ஆளுயர ஒலிபெருக்கிகள். அலமாரி நிறைய இசைத்தட்டுகள். பெரிய பாட்டு உள்ள ஆல்பம் மட்டும் நாலு விதமாக இருந்தது.

"எதுக்கு நாலு?"

"ஒவ்வொரு வாட்டி புதுசா விடும்போதும் வாங்கறேனுங்க்கா. ஆனா வர வர மோசம். பேஸ், டிரம் எல்லாம் அருமையா இருக்குது. புல்லாங்குழல மட்டும் கொறச்சுட்டே வாரானுங்க. அந்த ஆளுக்கும் வயசாயிருச்சு, ஊத முடியல போல."

அப்போது அவர் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. கூவென்று கூவியது. அவர் புல்லாங்குழல்காரரின் முதுமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி, "ஏனுங்க, போனு அடிக்குது" என்று இரண்டு முறை சொன்னார். தனபால் திரும்பவில்லை. மனைவி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எடுத்தார். "இவ இப்பல்லாம் முணுமுணுன்னு பேசறாளுங்க" என்று என்னிடம் குறைப்பட்டார்.

பிறகு பெரிய பாட்டைப் போட்டார். மூன்று பாகமும் கண்ணை மூடி விரல்விட்டு எண்ணினார், ஓரிடத்தில்கூடத் தவறவில்லை. நாலாம் பாகம் வந்தது. மெல்லிய புல்லாங்குழல், கூடவே சின்ன மணி. அறை முழுக்க அது மிதந்துகொண்டிருக்கும்போது தனபால் கண்ணைத் திறந்தார்.

"பாத்தீங்களா? இந்தப் பதிப்புல இந்த எடமே சுத்தமா இல்ல."

எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, எனக்குக் காது வலித்தது. தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தனபால் தலையைச் சாய்த்து, "ஆங், இப்ப லேசா வருதுங்க" என்றார்.

என் கடைக்குக் காதுக் கருவிக்கு பேட்டரி வாங்க வருகிறவர்களிடம் நான் தினமும் பேசுகிறவள். பெண் குரலும் மணியும் முதலில் போகும். இடி போன்ற சத்தம் கடைசி வரை நிற்கும். தறிக்கூடத்திலேயே வாழ்ந்த மனிதருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. அது தெரியாமல் அவர் புதுப் பதிப்புகளாக வாங்கிக்கொண்டிருக்கிறார். சிங்கப்பூரில் மேடை இருண்டபோது அவருக்கு உண்மையிலேயே எதுவும் வாசிக்கப்படவில்லை. மூட்டுவலி எப்படி என்று கேட்டேன். யார் கேட்கச் சொன்னார் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் குமரேசன் என்னை அழைத்துப்போக எடப்பாடிக்கு வந்தார். தனபாலின் தெரு வரை வரமாட்டேன் என்று பேருந்து நிலையத்துப் பேக்கரியில் நின்றுகொண்டார். இந்தப் பக்கத்தில் தேநீர்க் கடைக்குப் பேக்கரி என்றுதான் பெயர். கையில் பஃப்ஸோடு நின்றவரிடம் பார்த்ததைச் சொன்னேன்.

அவர் பஃப்ஸைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

"அவனுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது. நாளைக்கு நான் கற்பூரம் அடிச்சு வாசிச்சாங்கன்னு சொன்னா தெரிஞ்சுபோகும். கோயில்ல, எல்லார் முன்னாடியும்."

"பாட்டுன்னா உசுருங்க அவனுக்கு" என்றார். பிறகு, "நீங்க கையை நீட்ட வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்றார். எப்படி என்று கேட்டேன். அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். எனக்கு நிம்மதியும் வரவில்லை, தைரியமும் வரவில்லை.

நாலாம் நாள் காலை கோயில். சுற்றிலும் சோளக்காடு, நடுவே கருப்பனார், கையில் அரிவாள். வாசலில் ஒரு புது லாரி பூஜைக்கு நின்றது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். தனபால் வெள்ளை வேட்டியில் முன்னதாகவே வந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், என்னைப் பாலமாக வைத்துப் பேசினார்கள்.

"நான் அப்பவே வந்து வெயிட் பண்ணிட்டிருக்கேன்னு சொல்லுங்க்கா."

"நாங்க ஒண்ணும் லேட் இல்லைன்னு சொல்லுங்க்கா."

பூசாரி வழக்கு என்ன என்று கேட்டார். சொன்னோம். "எதுவா இருந்தாலும் சாமிக்கு ஒண்ணுதானுங்க. வெரசா ஆகட்டும், லாரிக்காரங்க நிக்கறாங்க" என்று கல்லின் மேல் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தார்.

நான் கையைத் தூக்குவதற்குள் குமரேசன் முன்னால் வந்துவிட்டார். "அக்காவ எதுக்குங்க சாமி முன்னாடி நிறுத்தறது? நானே சொல்லீர்றேன். நாலாம் பாகம் அவங்க வாசிக்கல. நான்தான் முந்தின ஊரு லிஸ்ட்டப் பாத்து எழுதிட்டேன்." சொல்லிவிட்டு, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

எலுமிச்சம்பழம் வைக்காமல் ஒரு லாரியைக்கூடப் பட்டறையை விட்டு வெளியே அனுப்பாத மனிதர் அவர். அவர் கருப்பனாருக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார். அதுவும், தன் வாயாலேயே தன்னைப் பாத்து எழுதினவன் என்று சொல்லி.

தனபால் ஜெயித்துவிட்டார். அவர் முகத்தில் அது தெரியும் என்று பார்த்தேன். தெரியவில்லை. குமரேசனை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"டேய்" என்றார். அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "கணக்குப் பரீச்சைய நீ என்னையப் பாத்துத்தான் எழுதின. கெமிஸ்ட்ரியும் அப்படித்தான். செட்லிஸ்ட்ட நீ ஒரு நாளும் பாத்து எழுதினதில்ல. கோவத்துல நான் சொன்னேன், அது வேற. இப்ப சாமி முன்னாடி நின்னு எதுக்குடா பொய் சொல்ற?"

குமரேசன் கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அதைப் பார்த்துத் தனபாலும் என் பக்கம் திரும்பினார். நான் சோளக்காட்டைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அழுதுவிட்டேன்.

தனபால் மெதுவாக ஒரு கையைத் தூக்கிக் காதைத் தொட்டார். "இதுங்களா?"

தலையாட்டினேன்.

"இருட்டாச்சே, அப்பவா வாசிச்சாங்க?"

"அப்பத்தாண்டா" என்றார் குமரேசன்.

தனபால் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். வைத்தியம் இருக்கிறது, கருவி இருக்கிறது, உடனே போய்ப் பாருங்கள் என்று கடையில் சொல்வதையெல்லாம் நான் சொன்னேன். அவர் கேட்டது போலத் தெரியவில்லை. "பாங்காக்குக்கு நான் வந்து என்னத்தடா கேக்கறது" என்றார்.

குமரேசன் அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீ வா. இருட்டானா நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"

குமரேசன் முகத்தைக் கிட்டே கொண்டுபோய், ஓடும் லாரியை நிறுத்துகிற குரலில், எங்கள் குழு வாசித்ததிலேயே மிகமிக மெல்லிய இசையைக் கத்த ஆரம்பித்தார். "மொதல்ல ஒண்ணுமே இல்லடா! பொறவு புல்லாங்குழலு! ஒத்தையா! நெம்ப மெதுவா! அப்பறம் மணி! ஒண்ணே ஒண்ணு!" சோளக்காட்டிலிருந்து குருவிகள் எழுந்து பறந்தன. தனபாலின் விரல்கள் முழங்காலில் எண்ணத் தொடங்கியிருந்தன.

பூசாரி லாரிப் பக்கமிருந்து திரும்பினார். "ஏனுங்க, கோயிலுங்க இது, கொஞ்சம் மெதுவா."

"இன்னும் சத்தமாச் சொல்லுடா" என்றார் தனபால்.